ஆனை முதல் மயில் வரை: தலசேரிக் களரியில் ஐந்து நாள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு – தலசேரி

வட கேரளத்துத் தலசேரியில் ரயிலை விட்டு இறங்கும்போதே மழை. நம் ஆடிதான் இங்கே கர்க்கடகம். நம்மூரில் ஆடிக்குக் காற்று. இங்கே வானம் வாளியைக் கவிழ்த்த மாதிரி ஊற்றுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த மடக்குக் குடை ஸ்டேஷன் வாசலிலேயே பின்பக்கம் மலர்ந்து கம்பி ஒடிந்தது. எதிர்க்கடையில் நீளக் கைப்பிடி வைத்த கறுப்புக் குடை 420 ரூபாய். விலையைக் கேட்டுத் தயங்கியதும் கடைக்காரர் ஒடிந்த குடையைக் காட்டி, "இது இவிடெ நடக்கூலா" என்று சிரித்தார். பேரமே பேசாமல் வாங்க வேண்டியதாயிற்று.

மதியம் பிரியாணி, 190 ரூபாய். பாசுமதி கிடையாது, சீரகச் சம்பாவுக்குச் சொந்தக்காரன் போல இருக்கும் கைமா அரிசி. மசாலாவும் கறியும் அடியில், சோறு மேலே, தம் போட்டு எடுத்தது. காரம் குறைவு, வறுத்த வெங்காயமும் நெய்யும் தூக்கல். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி, நம் துவையல்தான். முடிந்ததும் கேட்காமலேயே ஒரு கிளாஸ் சுலைமானி, அதாவது பாலில்லாத தேநீர், வந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் களரி, களரிப்பயட்டு கற்றுக்கொடுக்கும் கூடம். ஊருக்கு வெளியே, பாக்குத் தோப்புக்குள் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று குருக்கள் கேட்டுக்கொண்டார். (குருக்கள் என்றால் சிவன் கோயிலை நினைக்கக் கூடாது. மலபாரில் ஆயுத வித்தை கற்றுக்கொடுப்பவர் குருக்கள். முஸ்லிம் குருக்கள்மாரும் உண்டு.) வாள் பார்க்கும் ஆசையோடு போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு பள்ளம். 42 அடி நீளம், 21 அடி அகலம். நாற்பத்தீரடி என்பார்கள், நம் காதுக்கு அப்படியே புரிகிறது. கிழக்கு மேற்காக நீளம், வாசல் கிழக்கே. தரைமட்டத்துக்குக் கீழே நாலடி வெட்டியிருக்கிறார்கள். மேலே ஓலைக் கூரை.

பள்ளம் எதற்கு என்பது உள்ளே இறங்கிய உடனே தெரிந்துவிடும். வெளியே மரத்தை ஆட்டுகிற காற்று உள்ளே இல்லை. உடம்பெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக நிற்பவன் மேல் ஈரக்காற்று பட்டால் தசை பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் நாலு பக்கமும் மண்சுவர். ஆழமும் சேர்ந்து கிடைக்கும் உயரத்தில் நெடுவடி என்ற நீளக் கம்பைச் சுழற்றலாம், கூரை இடிக்காது. தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை, களரித் தெய்வத்துக்கான மேடை. வலது கால் முதலில் வைத்து, குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இடது கால் வைத்தால் திட்ட மாட்டார்கள். வெளியே போய் மறுபடி வரச் சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு முறை ஏறி இறங்கியாயிற்று.

ஆகஸ்ட் 4, திங்கள் – தலசேரி

காலை ஐந்தரைக்கு ஆரம்பம். ஆட்டோ குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். ஐம்பதைக் கொடுத்தால் இருட்டிலும் டார்ச் அடித்து இருபதைத் தேடி எடுத்துத் தருகிறார் ஓட்டுநர்.

முதலில் எண்ணெய். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய். அப்புறம் கச்சை. 'கச்சை கட்டிக்கொண்டு இறங்கினான்' என்று நாம் எழுதுவதற்கு அர்த்தம் இங்கேதான் பிடிபடுகிறது. நீளப் பருத்தித் துணியின் ஒரு நுனியை ஒருவர் இழுத்துப் பிடிக்க, கட்டிக்கொள்பவர் தானே சுழன்று சுழன்று இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார். தளர்வாக இருந்தால் பயனில்லை. விலாவுக்கு மேலே ஏறினால் மூச்சு முட்டும். தொப்புளுக்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றி இறுக வேண்டும். தாவி இறங்கும்போது அடிமுதுகை அதுதான் தாங்குகிறது.

இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜப்பானிய அனிமே தெரியும். வாளை உருவினால் அலை எழும், நெருப்பு பறக்கும். இயற்கையிலிருந்து எடுத்த வாள்வித்தை என்று கேட்டதும் அந்தப் படம்தான் மனசில் ஓடும். இங்கே எடுத்திருப்பது அலையையோ நெருப்பையோ அல்ல, எட்டு ஜீவன்களை: யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில். அஷ்ட வடிவு. சில களரிகளில் மீனும் பட்டியலில் சேரும். கையை நகம் போல வளைப்பது, முகத்தை உறுமுவது போல வைத்துக்கொள்வது எதுவும் கிடையாது. மிருகம் இருப்பது முழுக்க இடுப்புக்குக் கீழே.

யானை வடிவை எடுத்துக்கொள்ளுங்கள். பாதங்கள் இரண்டும் இணையாக, முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, முதுகு நீண்டு, கைகள் முகத்துக்கு முன்னால் கொம்பு போல. பார்க்க எளிது. நின்று பார்த்தால் இருபது எண்ணுவதற்குள் தொடை நடுங்கும். அப்போது மூன்று தப்பு வரும், வரிசை மாறாமல். முதலில் குதிகால் தரையை விட்டு எழும். கணுக்காலில் நெகிழ்வு இல்லை என்று அர்த்தம். குதிகாலை அழுத்தினால் முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாயும். மூட்டு கெடுவது இங்கேதான், முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையைத்தான் பார்க்க வேண்டும். அதையும் சரிசெய்தால் முதுகு கூன் விழும். குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியின் நுனியைக் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. அடுத்தவரிடம் போய்விட்டார். நுழையாத வரைக்கும் அடுத்த வடிவு கிடையாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். குதிரை: முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, மொத்தப் பலத்தையும் ஒரே திசையில் முன்னுக்குத் தள்ளுவது. சிங்கம்: பாரம் பின்காலில், முன்கால் இலேசாக, பாய்வதற்கு முந்தைய கணம். பன்றி: எல்லாவற்றிலும் தாழ்ந்தது, அடியிலிருந்து மேலே குத்துவதற்கு. பூனை: பதுங்கல், சத்தமில்லாத தாவல். சேவல்: உடம்பின் ஒரு உறுப்பும் சும்மா இருக்காத சண்டை, காலும் கழுத்தும் சிறகும் சேர்ந்து. மயில்: ஒற்றைக்காலில் விரிந்து நின்று, கால் மாற்றி எழும்புவது. பாம்புதான் எல்லாரும் தப்பாகச் செய்வது. பாம்பு என்றதும் வளைந்து நெளிய ஆரம்பிக்கிறார்கள். பாம்பு படமெடுக்கும்போது வால் அசையாது. மேலுடம்பு மட்டும் எந்தத் திசைக்கும் திரும்பும். அது போலப் பாதம் பதிந்த இடத்திலேயே இருக்க, இடுப்புக்கு மேலே திரும்ப வேண்டும். பாதம் அரை அங்குலம் நகர்ந்தாலும் அது பாம்பு இல்லை.

இதோடு கால்வீச்சு: நேர்கால், கோண்கால், அகங்கால், திரிச்சுகால், இருத்திக்கால். பெயரிலேயே வேலை இருக்கிறது: நேரே, கோணலாக, உள்பக்கமாக, திரும்பி, உட்கார்ந்து எழுந்து. பாதம் நெற்றிக்கு மேலே தூக்கிய கையைத் தொட வேண்டும். தொடுவதற்காக நிற்கும் காலின் குதிகாலைத் தூக்குவதுதான் வழக்கமான ஏமாற்று வேலை. அடுத்த அசைவு என்ன என்பதை ஒருவர் வாய்த்தாரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அமர்ந்நு, நிவர்ந்நு, மாறி, திரிஞ்ஞு... 'அமர்ந்து', 'நிமிர்ந்து' என்று தமிழாகவே காதில் விழுவதால் மொழி தெரியாத சிரமம் இல்லை. காது முந்திவிடுகிறது, காலுக்குத்தான் புரியவில்லை.

மாடிப்படி இறங்க இன்று கைப்பிடி தேவைப்பட்டது. வாள் சுவரில் தொங்குகிறது. அதன் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய் – தலசேரி, பொன்னியம்

விடிய விடிய மழை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் சொட்டுகிறது. லாட்ஜ் அறையில் ஈரத்துணி நாற்றமும் எண்ணெய் நாற்றமும் சேர்ந்து ஒரு தனி ரகம். களரித் தரையில் ஒரு ஓரமாக நீர் கசிந்து சேறாகிவிட்டதால் தாவல் எதுவும் வேண்டாம் என்று சீக்கிரமே முடித்துவிட்டார்கள்.

களரிக்குப் பின்னால் உழிச்சில் அறை. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே படுத்திருப்பவரின் மேல் காலால் எண்ணெய் தேய்த்து உழிகிறார்கள். கயிறு பிடிப்புக்காக மட்டும் இல்லை. எவ்வளவு பாரம் பாதத்தில் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். தொடையில் முக்கால் பாரம், முழங்கால் மடிப்பில் ஒன்றுமே இல்லை. கர்க்கடகத்தில் உடம்பு இளகியிருக்கும், எண்ணெய் நன்றாக இறங்கும் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை இந்த மாதத்தில்தான் செய்துகொள்கிறார்கள். பகல் தூக்கம் கூடாது, குளிர்ந்த நீர் கூடாது.

இந்த மாதத்துக்கென்றே ஓட்டல்களில் கர்க்கடகக் கஞ்சி. ஒரு கிண்ணம் 70 ரூபாய். ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பால், இன்னும் பச்சிலை என்னென்னவோ. கசப்பும் இனிப்பும் மாறி மாறி வருகிறது. பிடிக்கிறதா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. இரண்டாவது கிண்ணம் வாங்கினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்து மேஜைப் பெரியவர் தன் தட்டிலிருந்த அரிக்கடுக்கா இரண்டை எடுத்து வைத்தார். ஓட்டோடு இருக்கும் கடுக்காய்ச் சிப்பிக்குள் அரிசிமாவு அடைத்து அவித்துப் பொரித்தது. மறுத்தால் முகம் வாடிவிடும் ரகம், வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

பிற்பகல் மழை விட்ட ஒரு மணி நேரத்தில் பொன்னியம். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஏழரைக்கண்டம் என்ற வயல்வெளி; கண்டம் என்றால் வயல். வடக்கன் பாட்டுகள் என்ற வட மலபார் வீரக் கதைப்பாடல்களின் நாயகன் தச்சோளி ஒதேனன் கதிரூர் குருக்களோடு அங்கம் வெட்டிய இடம் என்று சொல்கிறார்கள். (அங்கம் என்றால் இங்கே இருவர் மோதும் சண்டை.) வென்று திரும்பியவர், மறந்து வைத்துவிட்ட ஆயுதத்தை எடுக்க மறுபடி களத்துக்கு வந்தபோது மறைந்திருந்து துப்பாக்கியால் சுடப்பட்டார் என்பது பாட்டுக் கதை. இப்போது முழங்கால் தண்ணீர், நாலு கொக்கு, பாதி மூழ்கிய ஒரு வரப்பு. அந்த வரப்பில் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. எருமை ஓட்டிவந்த பையன் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு நீட்டியதும் ஓடிவிட்டான்.

ஆகஸ்ட் 6, புதன் – தலசேரி

ஆயுதம் கடைசியில் இறங்கியது. ஆனால் வாளில்லை, மரம். களரியில் வரிசை மாறாது: மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை. உடம்பு, கோல், இரும்பு, கடைசியில் மறுபடி வெறும் கை. சிலம்பம் ஆடுபவர்களுக்குக் கோல்த்தாரி அந்நியமாக இருக்காது. கெட்டுகாரி ஆளுயரக் கம்பு. முச்சாண் பெயரைப் போலவே மூன்று சாண் குறுங்கம்பு, அதில் வேகம்தான் எல்லாம், அடி விழும் சத்தத்தை எண்ணவே முடியாது.

புதுசாக இருந்தது ஒட்ட. புளியங்கட்டையில் செதுக்கிய, யானைத் துதிக்கை போல வளைந்த இரண்டடிக் கோல், நுனியில் உருண்டை. இதை வைத்து வெட்டவும் முடியாது, ஓங்கி அடிக்கவும் முடியாது. வளைவு இருப்பதால் மணிக்கட்டு திரும்பினால்தான் உருண்டை இலக்கைத் தொடும். இலக்கு வர்மப் புள்ளிகள். மணிக்கட்டு திரும்ப முழங்கை தாழ வேண்டும், முழங்கை தாழ இடுப்பு தாழ வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் நிற்பது எது? திங்கட்கிழமை தொடை நடுங்க நின்ற அதே யானை. கோல் ஒரு சாக்கு. ஆளை வடிவுக்குள் உட்கார வைக்கும் வளைந்த மரக்கட்டை. முதுகு நிமிர்ந்தவன் கையில் ஒட்ட தன் முழங்காலையே வந்து தட்டும். தட்டியது, இரண்டு முறை, வலித்தது.

அதற்கப்புறம்தான் மூத்த மாணவர்கள் இருவர் வாளும் பரிச்சையும் எடுத்தார்கள். பரிசை என்று தமிழிலும் கேடயத்துக்குப் பெயர் இருந்தது, நாம்தான் விட்டுவிட்டோம். முனை மழுங்கிய பயிற்சி வாள், கையில் தூக்கிப் பார்த்ததில் ஒரு கிலோவுக்குக் கூடுதல். பரிச்சை அதைவிடக் கனம். உள்பக்கக் கைப்பிடிக்கும் விரல்முட்டிக்கும் நடுவே துணி மடித்து வைத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் நாலாவது மோதலில் முட்டித்தோல் உரியும்.

அருகில் நின்று பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பரிச்சை உடம்போடு ஒட்டாமல் முழங்கை பாதி மடங்கி முன்னால் நிற்கிறது. ஒட்டி வைத்தால் எதிரியின் அடி பரிச்சை வழியாக நம் விலாவில் இறங்கும். ரொம்ப நீட்டினால் அடுத்த அடிக்குள் தோள் சோரும். வாள் பரிச்சைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, நுனி எங்கே இருக்கிறதென்று எதிரிக்குத் தெரியாது. வெட்டு கையிலிருந்து வருவதில்லை. முன்பாதம் தரையில் பதிகிற சத்தமும் இரும்பு இரும்பில் மோதுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டால் வெட்டு சரி. இரும்புச் சத்தம் முந்திவிட்டால் வெறும் தோள்பலத்தில் வீசியிருக்கிறான் என்று அர்த்தம். குருக்கள் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததன் ரகசியம் இதுதான். அவர் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, வாள் உயரும்போது பரிச்சையும் கூடவே இறங்குவது. தராசுத் தட்டு போல ஒரு கை ஏறினால் மறு கை இறங்குகிறது. அதை உடைக்கத்தான் சேவல் வடிவு. சேவல் எழும்பும்போது இரண்டு சிறகும் சேர்ந்து எழும்பும். பரிச்சையை முன்வைத்துத் தாவி, இறங்கும் கணத்தில் வாள் அதன் மேலாக வெளியே வர வேண்டும். தாவல் முடிந்து பூனைபோல் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டால் எதிரியின் பதில் வெட்டு தலைக்கு மேலே போகும். விளக்கு வெளிச்சத்தில் பொறி பறந்தது இரண்டு மூன்று முறை கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் பள்ளத்துக்குள்ளேயே சுற்றுவதால் ஒரு மணி நேரம் கழித்தும் காதில் ரீங்காரம்.

பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொரு வாளையும் தளர்வாகப் பிடித்துப் பட்டையில் விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டிக் கேட்கிறார்கள். கணீரென்றால் பிடியின் ஆணி இறுக்கம். கரகரப்பு வந்தால் ஆணி ஆடுகிறது, அந்த வாள் அன்றைக்கு ஓரம். வடக்கன் பாட்டுகளின் இன்னொரு வீரர் ஆரோமல் சேகவர் கதை தெரிந்த ஊர் இது. அரிங்ஙோடரோடு அங்கத்துக்குப் போனபோது, கூட வந்த சந்து கொல்லனைக் கையில் போட்டுக்கொண்டு ஆணியை மாற்றிவிட, நடுச்சண்டையில் வாள் முறிந்தது என்கிறது பாட்டு. அதைச் சொல்லிவிட்டு ஒரு பத்தாம் வகுப்புப் பையன் தன் வாளை மட்டும் இரண்டாவது தடவை தட்டிப் பார்த்தான்.

தாவல்களைப் பார்க்கும்போது சர்க்கஸ் ஞாபகம் வந்தால் அது தற்செயல் இல்லை. இதே தலசேரியில் மெய்ப்பயிற்சி ஆசிரியராக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன்தான் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸுக்கென்று பயிற்சிக்கூடம் தொடங்கியவர்.

ஆகஸ்ட் 7, வியாழன் – மாஹி, வடகரா, திரும்பவும் தலசேரி

காலை ஓய்வு என்றதால் வடகரா பஸ். பழைய சாலையில் போகிற வண்டி நடுவில் மாஹிக்குள் நுழைகிறது. பத்து நிமிடம் நாம் புதுச்சேரியில் இருக்கிறோம். பெட்ரோல் பங்கிலும் இன்னொரு வகைக் கடையிலும் மட்டும் வரிசை. கண்டக்டரை 'சேட்டா' என்று கூப்பிட்டதும் பக்கத்து இருக்கைக்காரர் திருத்தினார்: அது தெக்கன்மார் பேச்சு, இங்கே 'ஏட்டா'.

வடகரா பழைய கடத்தநாடு. களரியில் வாள் எடுத்த பெண்ணைப் பார்க்க வடக்கன் பாட்டு நாயகி உண்ணியார்ச்சையின் பாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்த ஊரின் மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒதேனன் வணங்கியதாகச் சொல்லும் லோகனார்காவு கோயிலில் அரங்கேற்றத்துக்கு முன் களரிக்காரர்கள் இன்றும் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். குளப்படியில் பாசி, ஒரு அம்மா "மோனே, அவிடெ வழுக்கும்" என்று சொல்லி முடிப்பதற்குள் வழுக்கியாயிற்று. யானை வடிவில் உட்கார்ந்ததால் அடி படவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் 420 ரூபாய்க் குடைதான் தாங்கியது.

ஆறு மணிக்குக் களரியில் உறுமி. நம் சுருள்வாள். அதை எடுத்ததும் மற்ற எல்லாரையும் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றிவிட்டார்கள். ஐந்தடிக்கு மேல் நீளம், ஓர் அங்குல அகலம், அரைஞாண் போல இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளையும் எஃகுப் பட்டை. எல்லாம் கற்று முடித்தவருக்குத்தான் இது கொடுக்கப்படும். ஏனென்றால் மற்ற ஆயுதங்களில் தப்பு செய்தால் எதிராளிக்கு வாய்ப்பு. இதில் தப்பு செய்தால் எதிராளியே தேவையில்லை.

ஆரம்பம் துணியில். நுனியில் முடிச்சுப் போட்ட ஈரத்துணியை வாரக்கணக்கில் சுழற்ற வேண்டும். சுழற்சி தப்பினால் முடிச்சு வந்து கெண்டைக்காலில் பளீரென்று படும். படும் இடம் ஈரத்தில் தெரிந்துவிடும், மறைக்க முடியாது. கெண்டைக்கால், எதிர்த்தோள், பின்கழுத்து என்று மூன்று இடத்திலும் தடம் விழாத நாளில்தான் மழுங்கிய தகடு.

மெதுவாகச் சுழற்றினால் பத்திரம் என்று தோன்றும். நேர்மாறு. பட்டை விறைப்பாக நிற்பது வேகத்தால்தான். வேகம் குறைந்தால் தொய்ந்து, நுனி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அதனால் உறுமியில் நடுவே தயங்குவது கிடையாது. வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம், குறுக்கே மாறும்போது தலைக்கு மேலே ஒன்று. திசை மாற்றுவது கையால் இல்லை. மணிக்கட்டை வெட்டித் திருப்பினால் நுனி அரைக்கணம் பிந்தி வந்து ஆளையே சுற்றும். பாதம் பதிந்திருக்க இடுப்புக்கு மேலே திரும்ப வேண்டும், வட்டம் தானே கூட வரும். திங்கட்கிழமை எல்லாரும் தப்பாகச் செய்த பாம்பு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. நிறுத்துவதற்கும் முறை உண்டு: வட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே வந்து, நுனியை உடம்புக்கு வெளிப்பக்கம் தரையில் விழவிட்டு, அந்தப் பக்கத்துக் காலைப் பின்னுக்கு எடுத்துவிட வேண்டும். சட்டென்று பிடித்து நிறுத்தப் பார்த்தவரின் முழங்கையில் இருந்த தையல் தழும்பைக் காட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே காட்டினார்.

உறுமி எடுத்தவர் நாலு நிமிடம்தான் ஆடியிருப்பார். முடிந்ததும் மழைக்காலத்து வேலை ஆரம்பமானது. பட்டையைப் பழைய வேட்டித் துணியால் முதலில் உலரத் துடைத்து, விரல் நகத்தை நீளவாட்டில் ஓட்டிப் பார்த்தார். துருப்புள்ளி இருந்தால் நகம் தடுக்கும். அந்தப் புள்ளியில்தான் ஒருநாள் சுழலும்போதே ஒடியும். தடுக்கவில்லை. தேங்காயெண்ணெய் நாலு சொட்டு, நுனியிலிருந்து பிடிவரை. நல்லெண்ணெய் உடம்புக்கு, இதற்கு வேண்டாம், பிசுக்கு ஏறும் என்றார். இறுக்கிச் சுருட்டி வைத்தால் வளைவு நின்றுவிடும் என்பதால் பெரிய வளையமாக விட்டு, சுவர் ஆணியில் பரிச்சைக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒன்பது மணிக்கு ரயில். துணி இன்னும் காயவில்லை.